திரைச்சீலை போதும் என்ற நிர்வாக மன்றத்துக்கு

நம் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாக மன்றத் தலைவர், செயலாளர், உறுப்பினர்களுக்கு,

"கட்டடத்தின் ஒரே சீரான வெளித்தோற்றத்தைக் கருதி விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. வெயில் தொந்தரவாக இருந்தால் தடித்த திரைச்சீலை போட்டுக்கொள்ளலாம்." மேற்குப் பார்த்த என் ஜன்னல்களில் வெயிலின் சூட்டைத் தடுக்கும் கண்ணாடி போட அனுமதி கேட்டு, மூன்று மாதம் காத்திருந்து எனக்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான். அதோடு நிற்கவில்லை. போன வாரம் மின்தூக்கிக்குப் பக்கத்து அறிவிப்புப் பலகையில் இன்னொன்றையும் ஒட்டினீர்கள். இனி எந்த வீட்டிலும் ஜன்னல் கண்ணாடியை வேறு வகைக்கு மாற்றக்கூடாதாம். உடைந்தால் பழையபடி 6 மில்லிமீட்டர் சாதாரணக் கண்ணாடியே போட வேண்டுமாம். என் விண்ணப்பத்தை மட்டும் மறுத்திருந்தால் நான் உங்கள் அலுவலகத்துக்கே இன்னொரு முறை நடந்திருப்பேன். மேற்குப் பக்கத்து வீடுகள் அத்தனைக்கும் சேர்த்துக் கதவைச் சாத்திவிட்டதால்தான் இந்தத் திறந்த மடல்.

ஆங்கிலத்தில் இரண்டு முறை எழுதினேன், இரண்டு முறையும் இரண்டு வரி. மன்றத்தில் மூவர் தமிழர். மின்தூக்கியில் பார்த்தால் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றித் தமிழில் விசாரிப்பவர்கள். அந்த மூவராவது முழுவதும் படிப்பார்கள் என்று இம்முறை தமிழில் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு அவர்களே எடுத்துச் சொல்லட்டும்.

விண்ணப்பத்தோடு உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய மாதிரிக் கண்ணாடித் துண்டு ஒன்றும் கொடுத்திருந்தேன். அது திரும்பி வந்தபோது நான் சுற்றிய குமிழ்த்தாள் கலையவில்லை. பழுப்பு டேப்பின் மேல் நான் பேனாவால் எழுதிய வீட்டு எண், டேப்பும் தாளும் சேரும் இடத்தில், இம்மியும் நகராமல் இருந்தது. பிரித்துப் பார்க்காத கண்ணாடி கட்டடத்தின் தோற்றத்தைக் கெடுக்கும் என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

மன்றத்தில் பெரும்பாலோர் நீச்சல் குளத்தைப் பார்த்த வடக்குப் பக்க வீடுகளில் இருக்கிறீர்கள். அது குற்றமில்லை. ஆனால் மேற்குப் பக்கத்தில் மாலை நாலு மணி எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. நாம் இருப்பது சிங்கப்பூரில், நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் டிகிரி வடக்கே. ஜூனில் சூரியன் வடக்கே சாயும், டிசம்பரில் தெற்கே சாயும். வடக்கு, தெற்கு ஜன்னல்களுக்கு ஆண்டில் பாதி ஓய்வு உண்டு. மேற்குக்கு ஒரு நாளும் விடுமுறை கிடையாது. 1982-இல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்ததிலிருந்து நமக்கு உச்சிவேளையே பகல் ஒரு மணிக்குத்தான். ஆக, பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்து, முதியவர்கள் படுத்தெழுந்து, வீட்டில் ஆள் இருக்கும் நேரம் பார்த்து வெயில் உள்ளே வருகிறது, ஏழு மணிவரை. ஜன்னலுக்கு மேலே நீட்டிய கல் விளிம்பு இருக்கிறதே என்று கேட்கலாம். தலைக்கு மேலே நிற்கும் வெயிலை அது தடுக்கும். நெஞ்சுக்கு நேரே வரும் வெயிலை அது என்ன செய்யும்?

என் அம்மாவுக்கு 81 வயது. மதியம் இரண்டு மணிக்கு அவருடைய நாற்காலி ஜன்னலோரம் இருக்கும். மூன்றுக்குக் கட்டிலை ஒட்டி வரும். நாலரைக்குக் கதவுப்பக்கம். ஐந்தரைக்கு நாற்காலி அறைக்கு வெளியே, நடைவழியில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் கிடக்கும். தரையில் வெயிலின் விளிம்பு நகர நகர அம்மாவும் நகர்வார். இரவு ஒன்பது மணிக்குக் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் கை வைத்தால் இன்னும் சூடு. "பகல்ல வாங்கினதைச் செவுரு ராத்திரியில திருப்பித் தருது" என்பார். 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவாகி, 1983-இல் தெங்காவில் பதிவான உச்சத்தைத் தொட்டதே, அந்த வாரம் அம்மா இரண்டு நாள் சோறு தொடவில்லை. ஏர்கான் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சரி, உங்கள் யோசனைப்படி திரைச்சீலை. அது ஏற்கெனவே இருக்கிறது. தேக்காவில் தைக்கக் கொடுத்து வாங்கியது, இரட்டைத் துணி, கரும்பழுப்பு. தோசைக்கல்லின் சூடு பார்ப்பதற்காக என் மகன் வாங்கித் தந்த லேசர் வெப்பமானி ஒன்று சமையலறையில் உண்டு. ஒரு சனிக்கிழமை மாலை நாலேகாலுக்கு அதை எடுத்துக்கொண்டு போனேன். ஜன்னலைப் பார்த்த பக்கம் திரையின் சூடு 48. கண்ணாடியின் உட்புறம் 41. ஏர்கான் 24-இல் வைத்திருந்தும் அறையின் எதிர்ச்சுவர் 30-க்குக் கீழே இறங்கவில்லை.

காரணம் எளிது. கண்ணாடி வெயிலை உள்ளே விடும். சூட்டை வெளியே விடாது. உள்ளே வந்த வெயில் துணியில் பட்டுச் சூடாக மாறிவிட்டால் வந்த வழியே அதற்குத் திரும்ப வழியில்லை. திரை அறைக்கு உள்ளே இருக்கிறது, அதனால் அதன் சூடும் அறைக்கு உள்ளேதான். வெள்ளை முதுகு வைத்த திரையானால் ஓரளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மதியம் இரண்டு மணிக்கு விளக்குப் போட்டு உட்கார வேண்டும். வெயிலைக் கண்ணாடியிலேயே நிறுத்த வேண்டும், அல்லது அதற்கும் வெளியே. வெளியே பிளைண்ட் போட்டால் இன்னும் நல்லது. அதை நீங்கள் கனவிலும் அனுமதிக்க மாட்டீர்கள் என்று தெரிந்துதான் கேட்கவில்லை.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். என் வீட்டில் மேற்குப் பார்த்த கண்ணாடி மொத்தம் 7 சதுர மீட்டர். தெளிந்த மாலையில் அதன் மேல் சதுர மீட்டருக்கு 500 வாட் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போதிருக்கும் சாதாரணக் கண்ணாடி அதில் சுமார் 82 விழுக்காட்டை உள்ளே விடும். கண்ணாடிக்காரர்கள் இதை எஸ்எச்ஜிசி 0.82 என்று சொல்வார்கள். விழுகிற சூரிய வெப்பத்தில் எவ்வளவு உள்ளே வருகிறது என்பதன் பங்கு அது. ஆக 2,870 வாட். படுக்கையறைக்கு நாம் மாட்டும் 9,000 பிடியு (ஏர்கானின் குளிரூட்டும் திறனைச் சொல்லும் அளவு) ஏர்கானின் முழுக் குளிர்ச்சியே ஏறத்தாழ 2,640 வாட்தான். ஓர் ஏர்கானை முழுவதுமாக ஜன்னலுக்கே தானம் கொடுத்துவிட்டு, மிச்சமுள்ளதில் நாங்கள் குளிர்காய்கிறோம். (குளிர்காய்வது என்றால் தமிழில் நெருப்பருகே உட்காருவது. எங்கள் வீட்டுக்கு அந்தப் பொருளும் பொருந்துகிறது.)

நான் கேட்ட கண்ணாடியின் எஸ்எச்ஜிசி 0.45. அதே கணக்கில் 1,575 வாட். 1,300 வாட் வெளியிலேயே நின்றுவிடும். வெளிச்சமோ 65 விழுக்காடு உள்ளே வரும், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியும் ஒளியை விட்டுவிட்டு அகச்சிவப்பு வெப்பத்தைத்தான் அதிகம் வடிகட்டுகிறது. கறுப்புக் கண்ணாடி என்று மன்றத்தில் யாரோ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். கறுப்பு இல்லை. பொட்டலத்தைப் பிரித்திருந்தால் தெரிந்திருக்கும்.

இரட்டைக் கண்ணாடி ஏன் கேட்கவில்லை என்று செயலாளர் தொலைபேசியில் கேட்டார். நல்ல கேள்வி, மன்றத்திலிருந்து வந்த ஒரே நல்ல கேள்வி. எனக்கு முதலில் விலை சொன்ன ஒப்பந்தக்காரரும் அதைத்தான் விற்கப் பார்த்தார். குளிர்நாடுகளில் உள்ளே இருபது, வெளியே பூச்சியம் என்று இருக்கும்போது கண்ணாடி வழியே கசியும் சூட்டைத் தடுக்க இரண்டு கண்ணாடியும் நடுவே காற்றும் வேண்டும். இங்கே வெளியே 32, உள்ளே 26. ஆறு டிகிரி வித்தியாசத்துக்கு என் 7 சதுர மீட்டர் வழியே கசிவது 240 வாட். வெயிலாக வருவது அதைப்போல் பன்னிரண்டு மடங்கு. சாதாரணக் கண்ணாடியே இரண்டு வைத்தாலும் வெயிலில் பத்தில் ஏழு பங்கு உள்ளே வந்துவிடும். உள்பக்கம் லோ-இ எனும், சூட்டைத் திருப்பி அனுப்பும் மெல்லிய பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடி என்றால் நான் கேட்டதைவிட நன்றாகவே தடுக்கும், மறுக்கவில்லை. விரைவுச்சாலை இரைச்சல் கேட்கும் வீட்டுக்கு அது இரட்டை லாபம். ஆனால் அதன் தடிமன் நம் பழைய சட்டத்தில் உட்காராது. சட்டத்தையே மாற்ற வேண்டும். எடையும் இருமடங்கு, சதுர மீட்டருக்கு 15 கிலோ என்பது 30 ஆகும். நான் கேட்டது மூன்று மில்லிமீட்டர்க் கண்ணாடி இரண்டை நடுவில் ஒரு மெல்லிய படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் வகை. மொத்தம் 6.38 மில்லிமீட்டர். அதே சட்டம், அதே கீல், ஏறக்குறைய அதே எடை. (இங்கே சட்டம் என்றது அலுமினியத்தை. மற்றச் சட்டத்துக்குப் பிறகு வருகிறேன்.)

பாதுகாப்பைப் பற்றியும் ஒன்று. இன்று நம் ஜன்னல்களில் இருப்பது உடைந்தால் கத்தி கத்தியாகத் தெறிக்கும் கண்ணாடி. ஒன்பதாம் மாடியில் என் ஜன்னலுக்கு நேர் கீழே பிள்ளைகள் சைக்கிள் விடும் நடைபாதை. லேமினேட்டட் கண்ணாடி விரிசல் விட்டாலும் துண்டுகள் படலத்தைப் பற்றிக்கொண்டு பெரும்பாலும் அங்கேயே நிற்கும். உடைந்தால் பழைய வகையையே போடு என்று உத்தரவிட்டபோது இது உங்கள் பேச்சில் வந்ததா? புற ஊதாக் கதிரையும் அந்தப் படலம் ஏறத்தாழ முழுவதும் தடுத்துவிடும். கூடத்தில் அப்பாவின் படம் இருக்கிறது. 1974-இல் செராங்கூன் சாலை ஸ்டூடியோவில் எடுத்து, பிறகு வண்ணம் தீட்டியது. கோட்டின் நீலம் போய்ச் சாம்பலாகிவிட்டது. அலமாரியின் நிழல் விழும் இடது தோளில் மட்டும் நீலம் மிச்சமிருக்கிறது.

இனி "ஒரே சீரான வெளித்தோற்றம்". ஞாயிற்றுக்கிழமை காலை, பார்பிக்யூ குழிக்குப் பக்கத்தில் நின்று நம் புளோக்கின் மேற்கு முகத்தை அண்ணாந்து எண்ணினேன். அலுமினியத் தாள் ஒட்டிய ஜன்னல் ஐந்து. நீல ஃபிலிம் மூன்று. கறுப்பு ஃபிலிம் நான்கு, அதில் இரண்டு குமிழ் விட்டு உரிந்து தொங்குகின்றன. ஒரு வீட்டில் சீனச் செய்தித்தாள். இன்னொரு வீட்டில் குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைப்பெட்டி, "இந்தப் பக்கம் மேலே" என்ற அம்புக்குறி தலைகீழாக. யாரையும் குறை சொல்லவில்லை. வெயில் தாங்காமல் செய்கிறார்கள். இவை எல்லாம் உள்ளே ஒட்டியவை, ஆகவே விண்ணப்பம் வேண்டாம் என்பது உங்கள் நிலை. அலுமினியத் தாளில் கெடாத சீர், கூர்ந்து பார்த்தாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாத கண்ணாடியில் கெட்டுவிடுமா?

ஃபிலிம் ஒட்டினால் என்ன என்பீர்கள். நல்ல ஃபிலிமும் உண்டு. ஆனால் கண்ணாடியின் வகை பார்க்காமல் கறுப்பாக எதையாவது ஒட்டினால் வெயில் கண்ணாடிக்குள்ளேயே தங்கும். நடுவே கொதிக்கும், சட்டத்துக்குள் புதைந்த ஓரம் சூடாகாமல் இருக்கும், இழுபறியில் ஓரத்திலிருந்து விரிசல் கிளம்பும். போன ஆண்டு ஐந்தாம் மாடியில் நடந்தது அதுதான். யாரோ பந்தெறிந்ததாக அன்று காவலர் சாவடியில் புகார் எழுதினார்கள். நானே போய்ப் பார்த்தேன். விரிசல் ஓரத்தில் செங்குத்தாகத் தொடங்கி, உள்ளே போகப் போக வளைந்திருந்தது. பந்து பட்ட அடையாளம் எங்கும் இல்லை.

இப்போது அந்த மற்றச் சட்டம். 2004-ஆம் ஆண்டின் கட்டடப் பராமரிப்பு, கூட்டுரிமை நிர்வாகச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு, வெளித்தோற்றத்தைப் பாதிக்கும் மாற்றத்துக்கு உங்கள் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆகவேதான் விண்ணப்பித்தேன். அதே பிரிவு, மாற்றம் கட்டடத்தின் தோற்றத்தைக் கெடுக்காது அல்லது மற்றவற்றோடு ஒத்துப்போகும், கட்டமைப்பின் உறுதிக்கும் பாதகமில்லை என்று கண்டால் ஒப்புதல் தரவும் இடம் கொடுக்கிறது. பார்த்துத் தீர்மானிக்கச் சொல்கிற இடத்தில் நீங்கள் பாராமலே ஒட்டுமொத்தத் தடை போட்டிருக்கிறீர்கள். பளபளப்பு கண்ணைக் கூசச் செய்யும் என்ற கவலைக்கும் நாட்டில் விதி இருக்கிறது: கட்டடத்தின் வெளிக்கண்ணாடி 20 விழுக்காட்டுக்கு மேல் பகல் ஒளியைத் திருப்பக்கூடாது. நான் கொடுத்த மாதிரியில் அது 10.

அரசு இந்த விஷயத்தில் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதிலும் சந்தேகமில்லை. புதிய அடுக்குமாடி வீடுகளின் வெளிச்சுவரும் ஜன்னலும் உள்ளே விடும் வெப்பம் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 25 வாட்டைத் தாண்டக்கூடாது என்று 2008-இலேயே வரம்பு வைத்தது கட்டட, கட்டுமான ஆணையம். ஆர்இடிவி என்ற அந்தக் கணக்கின் சூத்திரத்தைப் பாருங்கள். கண்ணாடி வழியே கசியும் சூட்டுக்கு அதில் கொடுத்திருக்கும் எண் 1.3. வெயிலாக வருவதற்கு 58.6. தோசைக்கல் வெப்பமானியால் நான் கண்டுபிடித்ததை அவர்கள் அப்போதே எழுதி வைத்துவிட்டார்கள். நம் கட்டடம் 1996-இல் குடியேறியது, அந்த வரம்புக்குள் வராது. வரவில்லை என்பதற்காக வேண்டாம் என்று பொருளா?

மூத்த உறுப்பினர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். 2004-இல் ஜன்னல்களைப் பிணைக்கும் அலுமினிய ரிவெட்டு ஆணிகளை எடுத்துவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடச் சொல்லி அரசு உத்தரவு வந்தது. அன்றைய மன்றம் ஒரே ஒப்பந்தக்காரரை அழைத்து எல்லா வீட்டுக்கும் சேர்த்துப் பேரம் பேசியது. தனியாகக் கேட்டால் சொன்ன விலையில் பாதிக்கு என் வீட்டு வேலை முடிந்தது. ஜன்னல் விழுந்தால் தண்டனை வீட்டுக்காரருக்கே என்பதால் அன்று மன்றம் எங்களுக்குக் கை கொடுத்தது. இன்றும் விழுந்தால் பொறுப்பு என்னுடையதுதான். மாற்றும் உரிமை மட்டும் எனக்கு இல்லை.

பொது நிதியிலிருந்து ஒரு வெள்ளிகூட நான் கேட்கவில்லை. எனக்குச் சொன்ன விலை மூன்று ஜன்னலுக்கும் சேர்த்து 3,400 சிங்கப்பூர் வெள்ளி. மின்கட்டணத்தில் அது திரும்பி வரப் பல ஆண்டு ஆகும், அதுவும் தெரியும். அம்மாவுக்கு அத்தனை ஆண்டு கணக்குப் பார்க்க முடியாது.

என் கோரிக்கைகள் இவை.

முதலில், அறிவிப்புப் பலகையில் உள்ள ஒட்டுமொத்தத் தடையை விலக்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக அளவுகோல் ஒன்றைக் கொடுங்கள்: நிறம் ஏதுமற்ற லேமினேட்டட் கண்ணாடி, எஸ்எச்ஜிசி 0.45-க்கு மேல் போகாதது, வெளிப்பக்க ஒளித்திருப்பம் 15 விழுக்காட்டுக்குள், வேலை செய்பவர் முறையாக அங்கீகாரம் பெற்ற ஜன்னல் ஒப்பந்தக்காரர். இதற்குள் வரும் விண்ணப்பத்துக்கு முப்பது நாளில் பதில். மறுத்தால் எந்த அளவில் தவறியது என்று எழுத்தில் சொல்லுங்கள்.

அதற்கு மன்றம் தயங்கினால், என் செலவில் ஒரே ஓர் ஜன்னலில் போட்டுக் காட்ட அனுமதியுங்கள், ஒரு மாதம். எந்த ஜன்னல் என்று சொல்ல மாட்டேன். பார்பிக்யூ குழிப்பக்கம் நின்று நீங்களே கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்துவிட்டால் மறுநாளே கழற்றிவிடுகிறேன்.

அடுத்த ஆண்டு வெளிப்பூச்சு வேலைக்குத் தொங்குமேடை இறக்கப் போகிறீர்கள். அப்போதே விருப்பமுள்ள மேற்கு, கிழக்கு வீட்டுக்காரர்களின் கண்ணாடி வேலையையும் சேர்த்துக்கொள்ள, இப்போதே பெயர் கேட்டுக் கூட்டாக விலை வாங்குங்கள், 2004-இல் செய்தது போல.

இவை குறித்த தீர்மானத்தை வரும் ஆண்டுப் பொதுக்கூட்ட நிகழ்ச்சிநிரலில் சேர்க்கச் சொல்லும் கடிதத்தை, மேற்குப் பக்கத்துப் பதினோரு வீட்டுக்காரர்களின் கையெழுத்தோடு, நாளை காலை அலுவலகத்தில் கொடுக்கிறேன். கூட்டத்திலும் காரணம் சொல்லாமல் மறுத்தால் அடுக்குமாடித் தகராறுகளை விசாரிக்கும் ஸ்ட்ராட்டா டைட்டில்ஸ் போர்டுக்குப் போவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. போக விருப்பமில்லை, ஆனால் போவேன்.

கடிதத்தோடு அதே கண்ணாடித் துண்டையும் வைக்கிறேன். இந்த முறை குமிழ்த்தாள் சுற்றவில்லை.

இப்படிக்கு,
9-ஆம் மாடி, மேற்குப் பக்கத்து வீட்டுக்காரி